பயந்த நாயும் பொல்லாத நாயும்

தெரு நாய்களைக் குறித்து 2025-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் அடுத்தடுத்துப் பிறப்பித்த உத்தரவுகள் தேசமெங்கும் பெருத்த வாதப் பிரதிவாதங்களுக்கு இடங்கொடுத்தன. டில்லியில் நாய்க்கடியால் விஷம் ஏறி ஆறு வயதுப் பெண் குழந்தை மாண்ட செய்தியைப் பத்திரிகையில் கண்ட நீதிபதிகள், ஜூலை 28-ந் தேதி தாமாகவே அவ்விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்டு 11-ந் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும், டில்லியிலும் அதன் சுற்றுப்புற நகரங்களிலும் உள்ள தெரு நாய்கள் யாவற்றையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், மறுபடியும் தெருவில் விடலாகாது என்று உத்தரவிட்டனர். பதினொரு நாட்களில் அது மாறிற்று. ஆகஸ்டு 22-ந் தேதி நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா, அஞ்சாரியா ஆகிய மூவரும், பிடிபட்ட நாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்ட நாய்களையும், அந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் நாய்களையும், மூர்க்க குணங் காட்டும் நாய்களையும் மாத்திரம் விடக்கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். நவம்பர் 7-ந் தேதி அதே மூவர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில்வே ஸ்டேஷன் முதலிய இடங்களில் பிடிக்கும் நாய்களை அவ்விடங்களுக்குத் திருப்பிக் கொண்டுவராமல் காப்பகத்திலேயே வைக்கும்படி எல்லா ராஜ்யங்களுக்கும் ஆணையிட்டனர்.

இவ்வுத்தரவுகளின் மேல் இரு கட்சிகள் எழுந்தன. நாய்களை ஒழித்தாலன்றி ஜனங்களுக்குப் பாதுகாப்பில்லை என்பது ஒரு கட்சி. ஒரு நாயைத் தொட்டாலும் ஜீவகாருண்யம் போயிற்று என்பது மற்றொரு கட்சி. இவ்விரு கட்சியாரும் ஊர்வலம் போனார்கள், மகஜர் அனுப்பினார்கள், ஒருவரையொருவர் வாயில் வந்தபடி வைதும் கொண்டார்கள். ஆனால் ஆகஸ்டு 22-ந் தேதி உத்தரவில் ஒரு மூலையில் கிடக்கும் ஒரு வாசகத்தை இரு சாராரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நாய்களிடம் பிரியமுள்ளவர்கள் ஸ்தல ஸ்தாபனத்துக்கு மனுச் செய்து தெரு நாயை எடுத்து வளர்க்கலாம் என்றும், அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்றும் நீதிபதிகள் அதில் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையில்லாதவர் சுவீகாரம் எடுப்பதை நாம் அறிவோம். நாய்க்கும் சுவீகாரம் உண்டு என்று நாட்டின் உயர்ந்த நியாயஸ்தலமே கூறிவிட்டது. இவ்வளவு சண்டைக்கும் நடுவே கையால் செய்யக்கூடிய காரியம் அது ஒன்றுதான் என்பது நமது அபிப்பிராயம். அந்தக் காரியம் எப்படிக் கெட்டுப்போகும், கெடாமலிருக்க என்ன வேண்டும் என்பதைப் பற்றியே இன்று எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெறிநோய் விளையாட்டல்ல. அதன் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்படும் வரையில் தென்னாட்டில் கடிபட்டவர்கள் வடக்கே கசௌலி மலைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே இலவசமாக ஊசி போடுகிறார்கள். ஆயினும் இந்தியாவில் இந்நோய்க்கு ஏழைகள், அவர்களிலும் குழந்தைகள், மாண்டுகொண்டுதான் இருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் ஜீவகாருண்யப் பிரசங்கம் செய்கிறவனுக்கு மனிதத்தன்மை போதாது. ஆகையால், நாயை எடுத்து வளர்ப்பது பற்றி நாம் பேசுவது அந்தப் பயத்தை அலட்சியம் செய்து அல்ல.

இனி நமது ஊர்ப்பக்கத்துக்கு வருவோம். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் சாணார்பட்டி இருக்கிறது. சிறுமலையின் அடிவாரத்துக்கு அணித்தானது, சுற்றிலும் மாந்தோப்புகள், ஆடு வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் அநேகம். டில்லியில் எழுதிய உத்தரவு இவ்வூரில் என்ன ஆகும் என்று பார்க்கலாம். பஸ் நிற்குமிடத்தில் டீக்கடை ஓரமாய்ப் படுத்துக் கிடக்கும் ஒரு நாயைப் பிடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வயதுப் பெண் நாய், செவலை நிறம். கல்லடி பட்டுப் பழகியது. மனிதன் கீழே குனிந்தாலே கல் எடுக்கிறான் என்று ஓடும். அதைச் சுருக்குக் கம்பியால் கழுத்தில் மாட்டி, வண்டியில் ஏற்றி, முன்பின் அறியாத நாற்பது நாய்கள் குரைக்கும் ஒரு கூண்டில் தள்ளுகிறார்கள். மறுநாள் ஒருவர் கதவைத் திறந்து கையை நீட்டுகிறார். அது மூலையில் ஒடுங்குகிறது. பல்லைக் காட்டி உறுமுகிறது. மேலும் நெருங்கினால் கடிக்கிறது. "மூர்க்கம்" என்று காகிதத்தில் எழுதிவிடுகிறார்கள். அதோடு அதன் ஆயுள் அந்தக் கூண்டில் முடிந்தது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மூர்க்கம் என்றால் இன்னது என்று ஆகஸ்டு 22-ந் தேதி உத்தரவு வரையறுத்துச் சொல்லவில்லை. பயந்த நாயும் பொல்லாத நாயும் கூண்டுக்குள் ஒன்று போலவே காட்சியளிக்கும். இரண்டும் உறுமும், இரண்டும் பல்லைக் காட்டும். ஆனால் பொல்லாத நாய் உம்மை நோக்கி வரும். பயந்த நாய் உம்மை விட்டு விலகப் பார்க்கும், விலக வழியில்லாதபோதுதான் கடிக்கும். வாலை அடிவயிற்றில் செருகிக்கொள்வது, காதைப் பின்னுக்குச் சாய்ப்பது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, பசியில்லாதபோதும் உதட்டை நக்குவது, தூக்கமில்லாதபோதும் கொட்டாவி விடுவது, அசையாமல் கல்லாய் உறைந்து நிற்பது ஆகிய இவையெல்லாம் பயத்தின் பாஷை. அந்தப் பாஷையைப் படிக்கத் தெரியாதவன் கையில் தராசைக் கொடுத்து, எந்த நாய் வீட்டுக்கு, எந்த நாய் ஆயுள் சிறைக்கு என்று நிறுக்கச் சொல்லுவது எவ்வளவு நியாயம் என்பதை வாசகர்களே யோசிக்கட்டும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? நாய்க்குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரையில் எதைக் கண்டு பழகுகிறதோ அதையே பிற்காலத்தில் தன்னுடையதென்று ஏற்றுக்கொள்ளும் என்று மிருக சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மனிதன் கையால் அன்பு பெறாமல், லாரிச் சத்தமும் கல்லடியுமே பெற்ற குட்டி, வளர்ந்தபின் மனிதனைக் கண்டு நடுங்குவதில் ஆச்சரியமில்லை. ஆகவே அது நாயின் குணமல்ல. அதற்கு நாம் கற்பித்த பாடம்.

சுவீகாரம் எடுக்க வருகிறவர்களும் பெரும்பாலும் குட்டியைத்தான் கேட்கிறார்கள். வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவருவதை எடுத்துப் போகிறார்கள். மூலையில் ஒடுங்கிய செவலை நாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யாரோ ஒரு புண்ணியவான் இரக்கப்பட்டு எடுத்துப் போனாலும், இரண்டாம் நாள் அது கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரவில்லை என்றும், மூன்றாம் நாள் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்றும் கேள்விப்படுகிறோம். ஓடிய நாய் பழக்கமில்லாத ஊரில், முன்னிலும் அதிகப் பயத்தோடு திரிகிறது. அப்படித் திரிவதைவிடப் பழைய டீக்கடை ஓரமே அதற்கு மேல். நீதிபதிகள் கூறிய நிபந்தனை இங்கே மீறப்பட்டுவிடுகிறது, மீறியவர் கெட்டவருமல்ல.

பிடித்து அடைத்துவிட்டால் போதும் என்பவர்களுக்குப் பிற தேசத்துச் சரித்திரம் ஒன்றை நினைவூட்டுகிறோம். 1910-ல் துருக்கியின் தலைநகராயிருந்த கான்ஸ்டாண்டிநோபிளில், நகரை நவநாகரிகமாக்க விரும்பிய அதிகாரிகள் பல்லாயிரம் தெரு நாய்களைப் பிடித்து, மர்மராக் கடலிலுள்ள தண்ணீரற்ற ஒரு பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அவை பசியாலும் தாகத்தாலும் ஒன்றையொன்று கடித்துத் தின்று மாண்டன. அவற்றின் ஓலம் கரை வரையில் கேட்டதாகச் சொல்லுகிறார்கள். அவ்வளவும் செய்தபிறகு அந்நகரத்தில் நாய் இல்லாமற் போயிற்றா? 2024-ல் துருக்கி பார்லிமெண்டு தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி மறுபடியும் ஒரு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. குப்பையும் எச்சிற் சோறும் தெருவில் இருக்கும் வரையில், ஒழிந்த நாயின் இடத்துக்கு வேறு நாய் வந்துகொண்டேயிருக்கும். நமது சென்னை நகரமே இதற்கு மற்றொரு சாட்சி. கார்ப்பரேஷன் நெடுங்காலம் நாய்களைக் கொன்றுகொண்டேயிருந்தது. 1959-ல் காப்டன் சுந்தரம் அவர்கள் நிறுவிய புளூ கிராஸ் சங்கம் 1964-லேயே கருத்தடை முறையைத் தொடங்கி அதை எடுத்துச் சொல்லியும், 1996-ல்தான் நகராதிகாரிகள் கொலையை விட்டு அம்முறையைக் கைக்கொண்டார்கள். முப்பத்திரண்டு வருஷம்! நல்ல யோசனைக்கு நமது ஸ்தல ஸ்தாபனங்கள் கொடுக்கும் வரவேற்பு எப்போதும் இந்த வேகத்தில்தான்.

நாய்ப் பிரியர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. 1926-ல் ஆமதாபாத் மில் முதலாளி அம்பாலால் சாராபாய் தமது ஆலையைச் சுற்றித் திரிந்த அறுபது நாய்களைக் கொல்லச் செய்தார். பின்னர் மனம் கலங்கிக் காந்தியடிகளிடம் சென்றார். அடிகள் "யங் இந்தியா" பத்திரிகையில் தொடர்ந்து எழுதிய பதில் நாடெங்கும் புயலைக் கிளப்பிற்று. அகிம்சையின் ஆசாரியரே கொலைக்கு இணங்குகிறாரே என்று கடிதங்கள் குவிந்தன. அடிகளின் வாதம் இதுதான்: உடையவனில்லாத நாய் என்ற ஒன்று ஊரில் இருப்பதே சமூகத்தின் அசிரத்தைக்கு அடையாளம்; தெருவில் ஒரு பிடி சோறு போட்டுவிட்டுப் போவது தயை ஆகாது; தயையுள்ளவன் அந்த நாயைத் தன்னுடையதாக்கிக் காப்பாற்ற வேண்டும், அல்லது அப்படிக் காப்பாற்றும் ஸ்தாபனத்துக்குப் பொருள் கொடுக்க வேண்டும். கொலை விஷயத்தில் அவரோடு மாறுபடுகிறவர்கள் மாறுபடட்டும். இன்று அதற்கு அவசியமும் இல்லை. கருத்தடையும் நல்ல தடுப்பூசியும் இருக்கின்றன. ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் ஒரு நூற்றாண்டு கழித்தும் அப்படியே நிற்கிறது. தெருவில் சோறு போடுகிறவர்களில் எத்தனை பேர் தமது வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்திருக்கிறார்கள்?

கூண்டுக்கும் நிரந்தர வீட்டுக்கும் இடையே ஒரு படி வேண்டும் என்பதே நமது யோசனை. பயந்த நாயைச் சில மாதங்கள் வைத்திருந்து, பழக்கி, பிறகு வேறொருவருக்கு ஒப்படைக்கும் இடைக்கால வளர்ப்பு வீடு என்று அதைச் சொல்லலாம். மேனாடுகளில் இது நெடுநாளாக நடந்துவருகிறது. நமது பெருநகரங்களிலும் தர்ம சிந்தையுள்ள சிலர் செய்துவருகிறார்கள். கிராமங்களில் இதைப் பற்றிய பேச்சே இல்லை. உண்மையில் இதற்கு ஏற்ற இடம் கிராமம்தான். பட்டணத்து மாடிக் குடியிருப்பில் இல்லாத கொல்லைப்புறமும், வேலியும், பகலெல்லாம் வீட்டிலிருக்கும் பெரியவர்களும் சாணார்பட்டியில் இருக்கிறார்கள்.

அவ்வீட்டில் என்ன நடக்க வேண்டும்? முதல் நாள் ஒன்றும் நடக்கக்கூடாது. குளிப்பாட்டுவது, கட்டித் தழுவுவது, அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டுவது எல்லாம் கூடாது. அரையிருட்டான ஓர் அறையிலோ, மூன்று பக்கம் மறைந்த தாழ்வாரத்திலோ சாக்கு விரித்து, தண்ணீர் வைத்து, விட்டுவிட வேண்டும். அது குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்தால் ஒளியட்டும். இழுத்து வெளியே கொண்டுவருகிறவன் அன்றைக்கே தோற்றுப்போனான். சோற்றை வைத்துவிட்டு அகல வேண்டும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும் வரையில் அது தின்னாது, இரவில் தின்னும். நாலைந்து நாள் சென்றபின் வீட்டாரில் ஒருவர், ஒருவர் மட்டும், தினமும் அதே நேரத்தில் அறையில் போய்த் தரையில் உட்கார வேண்டும். நேருக்கு நேராய்ப் பார்க்காமல் பக்கவாட்டாய்த் திரும்பி உட்கார்ந்து, பத்திரிகை படித்தாலும் சரி, கீரை ஆய்ந்தாலும் சரி. அவ்வப்போது ஒரு கருவாட்டுத் துண்டைத் தம்மிடமிருந்து தூரமாய் அதன் பக்கம் போட வேண்டும். கையை நீட்டலாகாது. நாளடைவில் துண்டு விழும் இடம் கிட்டக் கிட்ட வரலாம். ஒரு நாள் அதுவே வந்து முழங்காலை மோந்து பார்க்கும். அப்பொழுதும் தலைமேல் கை வைக்கக் கூடாது. மேலிருந்து இறங்கும் கை அதற்குக் கல்லெடுத்த கையாகவே தோன்றும். மோவாய்க்குக் கீழே, மார்பில், மெல்லத் தொட்டு உடனே எடுத்துவிட வேண்டும். எடுத்தபின் அது மேலும் நெருங்கினால் அனுமதி கொடுத்ததென்று அர்த்தம்.

இதில் அனுபவமுள்ளவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்லுவார்கள். மூன்று நாளில் திகில் சற்றுத் தணியும். மூன்று வாரத்தில் வீட்டின் வழக்கம் பிடிபடும். மூன்று மாதத்தில் தன் வீடென்ற எண்ணம் உண்டாகும். இது உத்தேசக் கணக்கு. மிகப் பயந்த நாய்க்கு ஒரு வருஷமும் ஆகலாம். வீட்டில் சாதுவான பழைய நாய் ஒன்று இருந்தால் பாதி வேலையை அது செய்துவிடும். அது நம்பும் மனிதரைப் புது நாயும் நம்பத் தொடங்கும். அடிப்பது எந்தக் காரணத்துக்கும் உதவாது. உறுமினதற்காக அடித்தால் நாய் உறுமுவதை நிறுத்திவிடும், பயத்தை நிறுத்தாது. பிறகு அது முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும். வேப்ப மரத்தில் பகல் முழுதும் குறுஞ்சங்கிலியில் கட்டிவைக்கும் நமது வழக்கமும் இதற்கு ஆகாது. ஓட வழியில்லாமற் கட்டுண்ட பிராணிக்குக் கடிப்பதைத் தவிர வேறு என்ன உபாயம் இருக்கிறது?

முதலில் அதற்கு ஒரு பெயரிடுங்கள் என்றும் சொல்லுவோம். தமிழர் நாய்க்குப் பெயரிட்டது நேற்றைய வழக்கமல்ல. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றிருக்கிறது. எசமானன் வீழ்ந்துபட, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் அதில் வெட்டியிருக்கிறார்கள். இன்றோ பதினாயிரக்கணக்கில் பணங்கொடுத்து, நமது வெயிலைத் தாங்கமாட்டாத மயிரடர்ந்த பிற தேசத்து நாயை வாங்கி வருகிறவர்களைத் திண்டுக்கல்லிலும் காண்கிறோம்.

ஆட்சேபனைகள் எழும் என்பதை அறிவோம். "கடித்தால் யார் பொறுப்பு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடிக்கும் அறிகுறியைப் படிக்க முடியாத சிறு குழந்தைகள் உள்ள வீடு இடைக்கால வளர்ப்புக்கு ஏற்றதல்ல. அதைத் தயவு தாட்சிணியமின்றிச் சொல்லிவிட வேண்டும். ஆடு கோழி உள்ள வீட்டில் வேலி உறுதியாயிருக்க வேண்டும். தெரு நாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்றதால் 2025-ல் திருப்பூர் மாவட்டத்துக் குடியானவர்கள் நஷ்டஈடு கேட்டுப் போராடிய செய்தியை மறப்பதற்கில்லை. நாய் வீட்டுக்கு வருமுன் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாக வேண்டும். அந்நோய் உடலில் ஒளிந்திருக்கும் காலம் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீளக்கூடியதாகையால், ஊசி போட்டாயிற்று என்ற தைரியத்தில் அஜாக்கிரதையாயிருக்கவும் கூடாது. வளர்ப்பவர் தாமும் முன்கூட்டித் தடுப்பூசி போட்டுக்கொள்வது உத்தமம். பல் பட்டாலும் நகம் பட்டாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது உயிருக்கு உலை. எவ்வளவு பொறுமை காட்டினாலும் திருந்தாத நாயும் உண்டு. அதைக் காப்பகத்தில் தனியே வைக்க நேரிடலாம். ஆனால் அம்முடிவு மாதங்கள் கழித்து, அதனோடு பழகியவர் வாயிலிருந்து வர வேண்டுமேயல்லாது, பிடித்த மறுநாள் காகிதத்தில் ஏறக்கூடாது.

சர்க்காரின் கடமை என்ன? 2023-ம் வருஷத்துப் பிராணிகள் கருத்தடை விதிகள் இப்பொறுப்பை ஸ்தல ஸ்தாபனங்களின் தலையில் வைத்திருக்கின்றன. திண்டுக்கல் மாநகராட்சிக்கு வரியும் ஆளும் உண்டு. சாணார்பட்டி போன்ற கிராமப் பஞ்சாயத்துக்கு என்ன உண்டு? கருத்தடை செய்யக் கொட்டகை இல்லை; பிடிக்கப் பழகிய ஆள் இல்லை; மிருக வைத்தியர் ஒருவர் மாட்டையும் ஆட்டையும் பார்ப்பதற்கே பொழுது போதாமல் இருக்கிறார். உத்தரவு மாத்திரம் தவறாமல் வந்துசேரும்! வெறிநோய் பரவாமலிருக்க நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி போட வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. பயந்த நாய் எந்த ஊசிக்காரரிடமும் அகப்படுவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் அந்த எழுபதில் சேராமல் ஒளிந்துகொள்வது அதுவே. ஆகையால் பயந்த நாயைப் பழக்கி வீட்டில் சேர்ப்பது வெறும் தயை மட்டுமல்ல, ஊர் சுகாதாரமும் ஆகும். இடைக்கால வளர்ப்புக்கு இசையும் வீட்டாருக்கு நாயின் ஊசிச் செலவையும் தீவனச் செலவில் ஒரு பங்கையும் யூனியன் கொடுப்பதில் ஒரு தவறும் இல்லை. ஆயுள் முழுதும் கூண்டில் வைத்துச் சோறு போடுவதைவிட அது மலிவு. இன்ன வீட்டில் இன்ன நாய் இருக்கிறது, எந்த நாள் ஊசி, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று ஒரு புஸ்தகத்தில் எழுதிவைத்தால், நாய் மறுபடி தெருவுக்கு வந்ததா இல்லையா என்பதும் தெரியும்.

சர்க்காருக்கு முன்னால் தொடங்க வேண்டியவர்கள் நமது வாசகர்களாகிய தேசத் தொண்டர்கள். மகஜரில் கையெழுத்து வாங்க வீடு வீடாய்ப் போனவர்கள், அதே வீடுகளில் தாழ்வாரம் உள்ளவர் யார், பகலில் இருப்பவர் யார் என்று விசாரித்து ஒரு ஜாபிதா தயாரிக்கலாம். ஓர் ஊரில் ஐந்து வீடு கிடைத்தாலும் வருஷத்தில் பத்துப் பதினைந்து நாய்களுக்கு வழி பிறக்கும்.

காலத்தையும் கவனித்துச் செய்ய வேண்டும். ஐப்பசியில் தீபாவளி வேட்டு, சித்திரை வைகாசியில் கோயில் திருவிழாக் கொட்டும் அதிர்வெடியும் பயந்த நாயைப் பித்துக்கொள்ளச் செய்பவை. மாதக்கணக்கில் பழகியதெல்லாம் ஒரு சரவெடியில் பாழாகிவிடும். வேலி தாண்டி ஓடிக் காணாமற்போகும் நாய்கள் அந்நாட்களில்தான் அதிகம். ஆகையால் தீபாவளிக்கு முந்திய மாதத்தில் நாயைப் புது வீட்டுக்கு அனுப்பாமல், கார்த்திகை பிறந்தபின் அனுப்புவது நலம். முன்னமே வீட்டுக்கு வந்துவிட்ட நாயைத் தீபாவளியன்று மாலை சீக்கிரமே சோறு வைத்து, உள்ளறையில் விட்டு, ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, அது நம்பும் அந்த ஒருவர் இரவு முழுதும் கூட இருக்க வேண்டும்.